பகலில் தூங்குகிறவர்களுக்கு: எந்த இயர்பிளக் வாங்கலாம், எப்படி வைக்கலாம்

காலை எட்டரைக்குப் பக்கத்து வீட்டுக் குக்கர் முதல் விசில் விடும். ஒன்பது மணிக்குக் காய்கறி வண்டி, பதிவு செய்த குரலில் தக்காளி, வெங்காயம் விலையைச் சொல்லிக்கொண்டே தெருமுனையில் கால் மணி நேரம் நிற்கும். அது நகர்ந்ததும் பழைய இரும்பு, பிளாஸ்டிக் எடுக்கிறவர். அப்புறம் கேஸ் சிலிண்டரைத் தரையில் உருட்டிக்கொண்டு போகிற சத்தம். இதற்கெல்லாம் அடியில், ஆரப்பாளையம் பக்கம் போகிற பஸ்கள் வளைவில் ஏர்ஹாரனை அழுத்துவது நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். நான் ராத்திரி வேலை முடித்து ஏழரைக்கு வீட்டுக்கு வந்து, நாலு இட்லி சாப்பிட்டு எட்டு மணிக்குப் படுக்கிறவன். ஆறு வருஷமாக இதுதான் வாழ்க்கை.

மதுரையைத் தூங்கா நகரம் என்று பெருமையாகச் சொல்கிறோம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடியும் வரை நிற்கிறவர், வார்டில் நைட் டியூட்டி பார்க்கிற சிஸ்டர், திருச்சி வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து சேர்கிற டிரைவர், மில்லில் மூன்றாவது ஷிப்ட் போகிறவர் என்று அந்தப் பெயரைக் காப்பாற்றுகிறவர்களுக்குப் பகலில்தான் தூக்கம். அவர்களுக்காகவும், குறட்டை விடுகிற ஆளுக்குப் பக்கத்தில் படுக்கிறவர்களுக்காகவும், கோயில் மைக் செட்டுக்கு எதிர்வீட்டில் குடியிருக்கிறவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன். இத்தனை வருஷத்தில் ஸ்பாஞ்ச், மெழுகு, சிலிக்கோன், சத்தத்தை எதிர்ச்சத்தத்தால் அழிக்கிற புளூடூத் கருவி என்று எல்லாவற்றையும் காதில் வைத்துப் பார்த்துவிட்டேன். எதை வாங்குகிறீர்கள் என்பதைவிட, வாங்கியது உங்கள் காதுக்குள் ஒழுங்காகப் போய் உட்கார்ந்ததா என்பதுதான் முக்கியம். இருபது ரூபாய் ஸ்பாஞ்ச் ஒழுங்காக உட்கார்ந்தால், ஆயிரக்கணக்கில் விலை சொல்கிற பொருளையும் தோற்கடிக்கும்.

முதலில் ஒரு விஷயம். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. குளிர்காற்று படாமல் இருக்க அது சரி, சத்தத்துக்கு அது உதவாது. காற்று எதன் வழியே புகுந்து போகிறதோ அதன் வழியே சத்தமும் போகும். பஞ்சு முழுக்கக் காற்றுதான். எண்ணெயில் நனைத்து வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை, காதுதான் பிசுபிசுத்துப் போகும்.

எந்தச் சத்தம் உங்களை எழுப்புகிறது?

கடைக்குப் போவதற்கு முன் இதைக் கவனியுங்கள். குக்கர் விசில், சின்னப் பிள்ளைகள் கத்துவது, பாத்திரம் விழுவது, வண்டிக்காரர் குரல் எல்லாம் கீச்சுச் சத்தங்கள். இவற்றை எந்த இயர்பிளக்கும் நன்றாகவே குறைக்கும். கனமான சத்தங்கள்தான் சிரமம்: லாரி எஞ்சின் உறுமல், கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர், ஸ்பீக்கர் பாக்ஸில் வருகிற 'டும் டும்', குறட்டையில் அடித்தொண்டையிலிருந்து வருகிற பகுதி. இவற்றைக் குறைக்க, காதுத் துளைக்குள் ஆழமாகப் போய் இறுக்கமாக அடைக்கிற பொருள் வேண்டும். வாசலில் மட்டும் ஒட்டுகிற பொருள் போதாது. திருவிழா ஸ்பீக்கர் பாக்ஸ் சுவரையும் கட்டிலையும் அதிரவைக்கும்போது அந்த அதிர்வு எலும்பு வழியாகவே உள்காதுக்குப் போய்விடும். அதற்கு எந்த இயர்பிளக்காலும் முழுத் தீர்வு கிடையாது, ஓரளவு குறையும், அவ்வளவுதான். இதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் ஏமாற்றம் இருக்காது.

முழு நிசப்தம் வேண்டும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். வெளிச்சத்தம் உங்கள் ஃபேன் சத்தத்துக்குக் கீழே இறங்கினால் போதும், தூக்கம் வந்துவிடும். அதனால் நான் ஃபேனை எப்போதும் அணைப்பதில்லை, மார்கழியில்கூட ஒன்றாம் நம்பரில் ஓடும். ஒரே சீராக ஓடுகிற சத்தம் திடீர்ச் சத்தங்களை மூடிவிடுகிறது. இயர்பிளக்கும் ஃபேனும் சேர்ந்து வேலை செய்வது தனித்தனியாகச் செய்வதைவிட எவ்வளவோ மேல்.

ஸ்பாஞ்ச்

மெத்தென்று, சின்னக் குண்டு வடிவத்தில் இருக்கும். பெரும்பாலும் பாலியூரித்தேன் என்கிற பொருள். விரலால் உருட்டி ஒல்லியாக்கிக் காதுக்குள் விட்டால் மெதுவாக விரிந்து துளையை அடைத்துக்கொள்ளும். 3எம் 1100 என்ற ஆரஞ்சு நிற ஸ்பாஞ்ச் நம் ஊரில் சுலபமாகக் கிடைக்கும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் சில நேரம் நீச்சலுக்கு வைக்கிற ரப்பரை எடுத்துக் கொடுப்பார்கள். கையுறை, ஹெல்மெட், கம்பூட்ஸ் விற்கிற சேஃப்டி கடையில் கேளுங்கள், அங்கே எப்போதும் இருக்கும், ஒரு ஜோடி, இரண்டு ஜோடி என்று உதிரியாகவும் தருவார்கள். ஹவார்ட் லைட் மேக்ஸ், லேசர் லைட் போன்றவற்றை ஆன்லைனில்தான் வாங்க வேண்டியிருக்கும்.

மேக்ஸ் கொஞ்சம் பருமன். வாய் விரிந்த மணி மாதிரி இருக்கும், பெரிய காதுத் துளை உள்ளவர்களுக்கு அருமையாக அடைக்கும். என் மனைவிக்கு அதை வைத்த அரை மணி நேரத்தில் காது வலித்தது. அவளுக்கு லேசர் லைட் ஒத்துக்கொண்டது, அது கொஞ்சம் ஒல்லி, மஞ்சளும் ரோஸும் கலந்து இருக்கும். பெண்கள் நிறையப் பேருக்குத் துளை சின்னதாக இருக்கும், அவர்கள் முதலிலேயே பெரிய சைஸை வாங்கிவிட்டு 'எனக்கு இது ஆகாது' என்று விட்டுவிடக் கூடாது. ஒரே ஆளுக்கே வலது காதும் இடது காதும் ஒரே அளவில் இருப்பதில்லை. எனக்கு இடது பக்கம் சின்னது. அந்தப் பக்கத்துக்கு மட்டும் இன்னும் ஒல்லியாக உருட்டுவேன்.

மெழுகும் சிலிக்கோனும்

மெழுகு இயர்பிளக் பழைய சரக்கு. ஜெர்மனியில் மாக்ஸ் நெக்வெர் என்ற மருந்தாளர் 1907இல் மெழுகையும் பஞ்சையும் சேர்த்து இதை உருவாக்கி, ஓரோபாக்ஸ் என்ற பெயரில் விற்றார், இன்றைக்கும் அது கடையில் இருக்கிறது. கையில் வைத்துப் பிசைந்து இளக்கி, காது வாசலில் அப்பிக்கொள்ள வேண்டும். உள்ளே எதுவும் போகாததால் உறுத்தல் இல்லை, பக்கவாட்டில் படுக்கிறவர்களுக்கும் வசதி. ஆனால் இது குளிர்நாட்டுப் பொருள். நம் சித்திரை, வைகாசி வெயிலில், பகல் நேரத்தில், கரண்டும் போய்விட்டால் மெழுகு இளகி வழவழவென்று ஆகிவிடும், கிருதா முடியில் ஒட்டிக்கொள்ளும், தலையணை உறையிலும் அப்பும். மார்கழி, தை மாதங்களில் நன்றாக இருக்கிறது. மே மாதத்தில் நான் அதைத் தொடுவதில்லை.

பிசைகிற சிலிக்கோன் கிட்டத்தட்ட அதே மாதிரி, ஆனால் வெயிலைத் தாங்கும். மேக்ஸ் பில்லோ சாஃப்ட் என்று வருகிறது (மேலே சொன்ன மேக்ஸ் வேறு, இது வேறு கம்பெனி). உருண்டையை அப்படியே காது வாசலில் வைத்துத் தட்டையாக அழுத்த வேண்டும். துளைக்குள் திணிக்கவே கூடாது, உள்ளே போய் ஒட்டிக்கொண்டால் டாக்டரிடம்தான் போய் எடுக்க வேண்டியிருக்கும். தலைக்கு எண்ணெய் தேய்த்த நாளில் இது ஒட்டாது, காது மடலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகுதான் பிடிக்கும். கீச்சுச் சத்தங்களுக்கு நல்லது. லாரி உறுமலுக்கும் ஜெனரேட்டருக்கும் ஸ்பாஞ்ச் அளவுக்கு வராது. ஸ்பாஞ்ச் உள்ளே இருந்தாலே காது அரிக்கிறது, வலிக்கிறது என்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

அடுத்தது ரப்பர் வளையம் வைத்த வகை. கிறிஸ்துமஸ் மரம் மாதிரி மூன்று அடுக்கு இருக்கும், சிலவற்றில் இரண்டு பக்கத்தையும் சேர்க்கிற கயிறும் இருக்கும். கழுவிக் கழுவிப் பல மாதம் பயன்படுத்தலாம். மில்லுக்கு, பட்டறைக்கு நல்ல பொருள். தூங்குவதற்கு எனக்குப் பிடிக்கவில்லை, காரணம் அதன் காம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒருக்களித்துப் படுத்தால் தலையணை அதைத் தள்ளித் தள்ளிக் காதுக்குள் குத்தும். மல்லாந்தே தூங்குகிறவர் என்றால் பார்க்கலாம். கயிறு வைத்ததைத் தூங்கும்போது போடவே வேண்டாம், புரளும்போது கழுத்தில் சுற்றிக்கொள்ளும்.

லூப் மாதிரி அழகாக, வட்ட வளையத்தோடு வருகிற சிலிக்கோன் வகைக்கு இப்போது நல்ல விளம்பரம். வைக்கவும் எடுக்கவும் சுலபம், ஸ்பாஞ்ச் மாதிரி உருட்ட வேண்டியதில்லை, பல சைஸ் முனைகள் கூடவே தருகிறார்கள். நல்ல பொருள்தான். ஆனால் சத்தத்தைக் குறைப்பதில் ஒழுங்காக வைத்த ஸ்பாஞ்சுக்கு ஒரு படி கீழேதான். லேசாகத் தூக்கம் கலைகிறவருக்கு, சுவர்க்கடிகாரமும் பேச்சுச் சத்தமும் மட்டும் தொந்தரவு என்றால் அது போதும். பஸ் ரூட்டில் வீடு இருந்தால் போதாது.

எதிர்ச்சத்தம் போட்டுச் சத்தத்தை அழிக்கிற புளூடூத் கருவியையும் சொல்லிவிடுகிறேன். பஸ் எஞ்சின், ஏசி, ஃபேன் மாதிரி ஒரே சீரான கனத்த சத்தத்தில் அது நன்றாக வேலை செய்யும். திடீரென்று அடிக்கிற ஹாரன், விசில், வேட்டுச் சத்தத்துக்கு அதனால் பெரிய உபகாரம் இல்லை. சார்ஜ் தீர்ந்துவிடும், கடினமான பிளாஸ்டிக் என்பதால் ஒருக்களித்துப் படுத்தால் காது மடல் வலிக்கும். ராத்திரி பஸ்ஸில் சென்னைக்குப் போகும்போது எடுத்துக்கொண்டு போங்கள்.

பாக்கெட்டில் போட்டிருக்கிற நம்பர்

என்ஆர்ஆர் 29, எஸ்என்ஆர் 37 என்றெல்லாம் இருக்கும். சத்தம் எத்தனை டெசிபல் (சத்தத்தை அளக்கிற அலகு) குறையும் என்று சொல்கிற நம்பர் அது. என்ஆர்ஆர் அமெரிக்க அளவு, எஸ்என்ஆர் ஐரோப்பிய அளவு, இரண்டையும் கலந்து ஒப்பிடக் கூடாது. ஒரு உதாரணம்: 3எம் 1100க்கு என்ஆர்ஆர் 29. அதே கம்பெனியின் இயர் கிளாசிக் என்ற மஞ்சள் உருளைக்கும் என்ஆர்ஆர் 29தான். எஸ்என்ஆர் பார்த்தால் முதலாவது 37, இரண்டாவது 28. ஹவார்ட் லைட் மேக்ஸுக்கு என்ஆர்ஆர் 33, எஸ்என்ஆர் 37. ஆக, அமெரிக்கக் கணக்கில் பின்தங்கிய 1100, ஐரோப்பியக் கணக்கில் மேக்ஸுக்குச் சமமாக நிற்கிறது. ஆன்லைனில் ஒரு கடைக்காரர் ஒரு அளவையும் இன்னொருவர் மற்றதையும் பெரிதாகப் போட்டு விற்பார்கள், ஏமாந்துவிடாதீர்கள். லேசர் லைட் 32, பில்லோ சாஃப்ட் 22, இரண்டும் என்ஆர்ஆர் கணக்கு. காதுக்குள் வைக்கிற எதற்கும் 33க்கு மேல் என்ஆர்ஆர் கிடையாது. 40, 45 என்று யாராவது போட்டிருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

இந்த நம்பர் எல்லாம் சோதனைக்கூடத்தில், ஒழுங்காக வைத்துப் பார்த்து எடுத்தது. வீட்டில் அவ்வளவு கிடைக்காது. அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை ஒரு கணக்கு வைத்திருக்கிறது: என்ஆர்ஆரிலிருந்து 7ஐக் கழி, மிச்சத்தைப் பாதியாக்கு. 29 என்றால் 22, அதில் பாதி 11. அவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் 10 டெசிபல் குறைந்தாலே நம் காதுக்குச் சத்தம் ஏறக்குறையப் பாதியாகத் தெரியும். 20 குறைந்தால் கால்வாசி. அந்தப் பாதியாக்குகிற கணக்கு, ஆட்கள் சரியாக வைக்காததையும் சேர்த்துப் போட்டது. சரியாக வைத்தால் சோதனைக்கூடத்தில் எடுத்த நம்பருக்கு நிறையவே பக்கத்தில் போகலாம். அதனால்தான் வைக்கிற முறையைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன்.

வைக்கிற முறை

இதை ஒழுங்காகக் கற்றுக்கொள்ளாமல் நான் இரண்டு வருஷத்தை வீணாக்கினேன். ஸ்பாஞ்சை அப்படியே எடுத்துக் காதில் வைத்து விரலால் அழுத்துவேன், அது பாதி வெளியே நிற்கும், சத்தம் கொஞ்சம்தான் குறையும், இரண்டு மணி நேரத்தில் தலையணையில் கிடக்கும். இது பிரயோஜனம் இல்லாத பொருள் என்று தூக்கிப் போட்டுவிட்டேன். கப்பலூரில் மில்லில் வேலை பார்க்கிற மாமா ஒரு நாள் வீட்டுக்கு வந்திருந்தபோது நான் வைப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாப்ள, நீ வாசப்படியில வச்சுட்டு வீட்டுக்குள்ள வச்சதா நெனைக்கிற. இங்கிட்டு கொண்டா." அவர் தினமும் எட்டு மணி நேரம் ஸ்பின்னிங் மெஷின்களுக்கு நடுவில் நிற்கிறவர். அன்றைக்கு அவர் காட்டியதைத்தான் இப்போதும் செய்கிறேன்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். ஸ்பாஞ்சைக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றுக்கும் நடுவில் வைத்து, விளக்குத் திரி திரிப்பது மாதிரி மெதுவாக உருட்டுங்கள். முதலில் லேசாக, பிறகு அழுத்தம் கூட்டிக் கூட்டி. எடுத்த எடுப்பில் நசுக்கினால் மடிப்பு விழும், மடிப்பு விழுந்த இடத்தில் ஒரு சின்ன வாய்க்கால் நிற்கும், அந்த வாய்க்கால் வழியாகச் சத்தம் உள்ளே வரும். மடிப்பில்லாமல் தீக்குச்சியைவிடக் கொஞ்சம் பருமனாக வர வேண்டும். அப்படி வந்தபின் தாமதிக்காதீர்கள், சில விநாடியில் விரிய ஆரம்பித்துவிடும்.

வலது காது என்றால் வலது கையில் ஸ்பாஞ்ச். இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து வலது காது மடலின் மேல்பகுதியைப் பிடித்து, மேலேயும் பின்னாலேயும் இழுங்கள். இந்த இழுப்புதான் எல்லாம். காதுத் துளை நேராக இல்லை, உள்ளே வளைந்துதான் போகிறது. மடலை இழுத்தால் அந்த வளைவு நிமிரும், ஸ்பாஞ்ச் தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். இழுக்காமல் தள்ளினால் வளைவில் முட்டி நின்றுவிடும், நான் இரண்டு வருஷம் செய்தது அதுதான். உள்ளே விட்டதும் மடலை விட்டுவிட்டு, வெளி முனையை விரல் நுனியால் லேசாகப் பிடித்துக்கொண்டு முப்பது நாற்பது விநாடி அப்படியே இருங்கள். நான் மனதுக்குள் நாற்பது வரை எண்ணுவேன். இருபதைத் தாண்டும்போது ஃபேன் சத்தம் மெல்லத் தூரமாகப் போவது தெரியும், முப்பதில் தெருச் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி ஆகிவிடும். பொறுமையில்லாமல் பத்திலேயே விரலை எடுத்தால், விரிகிற ஸ்பாஞ்ச் தன்னைத்தானே வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிடும்.

சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க, இரண்டு உள்ளங்கையையும் குழித்துக் காதுகளை மூடி மூடித் திறங்கள். சத்தத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்றால் சரியாக இருக்கிறது. மூடும்போது நிறையக் குறைகிறது என்றால் எங்கோ ஓட்டை, எடுத்துவிட்டு மறுபடி உருட்டுங்கள். கண்ணாடியிலும் பாருங்கள்: நேராக நின்று பார்த்தால் ஸ்பாஞ்ச் முனை காதிலிருந்து துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. ஆனால் விரலால் பிடித்து இழுக்கிற அளவுக்கு முனை கைக்கு எட்ட வேண்டும். முழுக்க உள்ளே அமுக்கிவிடக் கூடாது.

வைத்ததும் உங்கள் மூச்சுச் சத்தமும், எச்சில் விழுங்குவதும், சில நேரம் நாடித்துடிப்பும்கூடப் பெரிதாகக் கேட்கும். பயப்பட வேண்டாம். வாசலிலேயே அடைத்தால் இது அதிகம், ஆழமாகப் போனால் குறையும். மூன்று நாலு நாளில் பழகிவிடும். முதல் நாளே எட்டு மணி நேரம் போடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்துக்கு ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு மணி நேரம் என்று கூட்டிக்கொண்டே போங்கள்.

எழுந்ததும் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. காது இறுக்கமாக அடைபட்டிருக்கும், சட்டென்று இழுத்தால் உள்ளே வெற்றிடம் மாதிரியாகிச் செவிப்பறை வலிக்கும். முனையைப் பிடித்து லேசாகத் திருகுங்கள், 'ப்ஸ்' என்று காற்று உள்ளே போவது தெரியும், அதன் பிறகு மெதுவாக எடுங்கள்.

தலையணை, வெயில், அழுக்கு

ஒருக்களித்துப் படுக்கிறவர்களுக்குத் தலையணையும் இயர்பிளக்கில் சேர்த்திதான். கெட்டியான தலையணையில் படுத்தால், எவ்வளவு நல்ல ஸ்பாஞ்சும் விடிவதற்குள் காதை வலிக்கவைக்கும். நான் போடி இலவம்பஞ்சுத் தலையணைக்கு மாறினேன். கையால் நன்றாகத் தட்டி, காது வருகிற இடத்தில் ஒரு குழி செய்துகொள்வேன். அந்தக் குழியில் காது படாமல் தொங்கும். இது செலவில்லாத வைத்தியம். அப்படியும் வலித்தால், ஸ்பாஞ்சின் பின்முனையைக் கத்தரியால் இரண்டு மில்லிமீட்டர் வெட்டிவிடலாம். அதற்கு மேல் வெட்டினால் எடுக்கப் பிடி கிடைக்காது.

வெயில் காலத்தில் காதுக்குள் வியர்க்கும். அடைத்து வைத்த ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், அரிப்பும் அடைப்பும் வரும். குளித்த ஈரத்தோடு இயர்பிளக் வைக்காதீர்கள், காதைத் துண்டால் ஒற்றி, பத்து நிமிஷம் காற்றாட விட்டு அப்புறம் வையுங்கள். முழித்திருக்கிற நேரத்தில் காது திறந்தே இருக்கட்டும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலில் காதில் எண்ணெய் விடுகிற வழக்கம் இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். இயர்பிளக் போடுகிறவர்களுக்கு அது இரட்டைக் கேடு.

ஒரு ஜோடி ஸ்பாஞ்சை எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம்? ஒரு தடவை போட்டுத் தூக்கி எறியத்தான் அதைத் தயாரிக்கிறார்கள். நான் நாலைந்து நாள் பயன்படுத்துகிறேன். தினமும் பார்ப்பேன், மஞ்சளாக அழுக்குப் பிடித்தாலோ, உருட்டினால் பழைய மாதிரி விரியாமல் கெட்டியாக இருந்தாலோ குப்பைக்குப் போகும். சட்டைப் பையில் சில்லறையோடு போட்டு வைக்காதீர்கள். அம்மா எனக்கு ஒரு பழைய குங்குமச் சிமிழைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்தார், அதில்தான் வைக்கிறேன். சிலிக்கோனையும் ரப்பரையும் சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காயவிடலாம். ஒருவர் போட்டதை இன்னொருவர் போடவே கூடாது.

காதுக் குறும்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும், எனக்கே நடந்தது. தினமும் வைத்து வைத்துக் குறும்பி உள்ளே தள்ளப்பட்டுக் கெட்டியாகி, ஒரு நாள் தூங்கி எழுந்து இயர்பிளக்கை எடுத்த பிறகும் இடது காது அடைத்தபடியே இருந்தது. பட்ஸ் விட்டுக் குடைந்தேன், இன்னும் உள்ளே போய்விட்டது. காது மூக்கு தொண்டை டாக்டர் சொட்டு மருந்து கொடுத்து இளக வைத்து, நாலு நாள் கழித்து எடுத்துவிட்டார். பட்ஸைத் தொடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போய்க் காட்டிவிட்டு வருகிறேன்.

காதில் சீழ் வடிகிறவர்கள், செவிப்பறையில் ஓட்டை இருக்கிறவர்கள், காதில் ஆபரேஷன் செய்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் வைக்கக் கூடாது. சர்க்கரை இருக்கிறவர்கள் காதில் வலியோ நீரோ வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள், அவர்களுக்குக் காதுப் புண் சீக்கிரம் முற்றிவிடும். சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டுகிற இடத்தில் ஸ்பாஞ்சை வைக்காதீர்கள், மிட்டாய் நிறத்தில் இருப்பதால் வாயில் போட்டுக்கொள்ளும். குறட்டைக்காக வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: குறட்டை விடுகிறவர் நடுவில் மூச்சு நின்று, பிறகு திணறி மூச்சு வாங்குகிறார் என்றால் அது உங்கள் காதுப் பிரச்சினை இல்லை, அவர் உடம்புப் பிரச்சினை. அவரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

திருவிழாவும் மைக் செட்டும்

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் அம்மன் கோயில் பொங்கல் சாட்டினால் மூன்று நாளைக்கு மைக் செட்டு ஓயாது. சத்த மாசு விதிகள் 2000இன்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. திருவிழா நாட்களில் அரசு அனுமதி கொடுத்தாலும் நள்ளிரவு 12 வரைதான், அதுவும் வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல் கூடாது. நடுராத்திரிக்கு மேலும் போட்டால் போலீசுக்குப் போன் செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. சொந்த ஊரில், சொந்தக்காரர்கள் நடத்துகிற திருவிழாவில் நான் அதைச் செய்வதில்லை. கமிட்டியில் இருக்கிற அண்ணனிடம் போய், "அண்ணே, பத்து மணிக்கு மேல குழாயக் கொஞ்சம் வயக்காட்டுப் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லுங்க, வீட்ல அப்பத்தாவுக்கு முடியல" என்றால் செய்வார்கள். குழாய் திசை மாறினால் வருகிற வித்தியாசம் நம்ப முடியாத அளவுக்கு இருக்கும். அதோடு ஸ்பாஞ்சும், அதற்கு மேலே மில்லில் போடுகிற, காது முழுவதையும் மூடுகிற இயர்மஃபும் சேர்த்துப் போட்டால் இன்னும் ஒரு 5 டெசிபல் அளவு குறையும். மஃபோடு மல்லாந்துதான் படுக்க முடியும், மூன்று நாள்தானே, பரவாயில்லை.

சித்திரைத் திருவிழாவில் அழகரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை ராத்திரிக்கு லீவு போட்டுவிடுவேன். அன்றைக்குத் தல்லாகுளத்தில் நிற்க வேண்டியவன் காதை எதற்கு அடைக்க வேண்டும்?

அலாரம்

இயர்பிளக் போட்டால் அலாரம் கேட்காதே என்பதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. பெரும்பாலும் கேட்கும், பக்கத்தில் வைத்தால். ஆனால் நம்பி வேலைக்குப் போக முடியாது. போனை வைப்ரேஷனில் போட்டுத் தலையணைக்கு அடியில் வைப்பவர்கள் உண்டு. போன் சூடாகும், அதனால் எனக்கு அது பிடிக்கவில்லை. கையில் கட்டுகிற பட்டையில் அதிர்வு அலாரம் வைத்துக்கொள்கிறேன், இதுவரை தவறியதில்லை. முதல் தடவை லீவு நாளில் வைத்துச் சோதித்துப் பாருங்கள்.

வீட்டில் கைக்குழந்தையோ, படுத்த படுக்கையாக இருக்கிற பெரியவர்களோ இருந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் இயர்பிளக் போடக் கூடாது. எங்கள் வீட்டில் ராத்திரியில் மனைவி போட மாட்டாள், பகலில் நான் போட்டிருக்கும்போது அவள் விழித்திருப்பாள். அவசரம் என்றால் பேர் சொல்லிக் கூப்பிடாமல் வந்து பாதத்தைத் தொட வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். தனியாக இருக்கிறவர்கள் ஒரு காதில் மட்டும் வைத்து, திறந்த காதைத் தலையணையில் அழுத்திப் படுத்துப் பாருங்கள்.

எதிலிருந்து தொடங்குவது என்று குழப்பமாக இருந்தால் இப்படிச் செய்யுங்கள். சேஃப்டி கடையில் 3எம் 1100 ஐந்து ஜோடி. ஒரு வாரம் மேலே சொன்ன மாதிரி உருட்டி, மடலை இழுத்து, நாற்பது எண்ணி வையுங்கள். காது வலித்தால் லேசர் லைட். தளர்ந்து தளர்ந்து வெளியே வந்தால் ஹவார்ட் லைட் மேக்ஸ். உள்ளே எதுவுமே ஆகவில்லை என்றால் பிசைகிற சிலிக்கோன். ஒவ்வொன்றையும் ஒரே நேரத்தில், ஒரே சத்தத்துக்குச் சோதியுங்கள், இல்லையென்றால் எது நல்லது என்று தெரியாது. நான் பக்கத்து வீட்டு எட்டரை மணிக் குக்கர் விசிலை வைத்துத்தான் பார்த்தேன். 1100ஐச் சரியாக வைத்த அன்றைக்கு மூன்று விசிலும் எங்கோ மூன்றாவது தெருவில் அடிப்பது மாதிரிக் கேட்டது. மறுநாள் அதுவும் கேட்கவில்லை, அதற்கு முன்பே தூங்கிவிட்டிருந்தேன்.